லயத்து வாசலுக்கு வால்வு வந்த கதை

பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த இடத்தின் சத்தம் தெரியும். கொழும்பிலிருந்து பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்ல என்று ஏறிவரும் ஏ4 வீதி இங்கே கொஸ்லந்தைப் பக்கம் திரும்பி, தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இன்னொரு வீதி, ஏ16, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குப் போகிறது. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், வளைவுதான். லொறியும் ஆட்டோவும் இங்கே முதலாம், இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டே போகும். எஞ்சினுக்கு மூச்சு விட நேரமில்லாத ஊர் இது.

போன மழைக்காலத்தில் எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய அண்ணனின் ஆட்டோ ஏற்றத்தில் இழுக்க மறுத்தது. காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். ஸ்டார்ட் ஆனால் பின்னால் நீலப் புகை. லீசிங் தவணை கட்ட இன்னும் பத்து நாள். கராஜில் கேட்டால், "ஹெட்ட கழட்டணும், வால்வு வேல இருக்கு" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கொடுத்தால் தவணை போய்விடும். தவணையைக் கட்டினால் ஆட்டோ நிற்கும். இந்தக் கணக்கு நம்ம பக்கத்து வீடுகளுக்குப் புதிதில்லை.

கடைசியில் பண்டாரவளையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வால்வு ஸ்பிரிங் கம்ப்ரசர் ஒன்றை வாங்கிவந்தோம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஒரு இடுக்கி, அவ்வளவுதான். தோட்டத்தில் சில நாள் முழுப்பேர் போட்டால் கிடைக்கிற காசுக்குள் அடங்கும் மலிவான சாமான். லயத்து வாசலில் சாக்கை விரித்து வேலையில் இறங்கினோம். வேலை முடிந்த பிறகுதான் கேள்வி வந்தது. இவ்வளவு சின்ன, இவ்வளவு மலிவான கருவி இத்தனை காலமும் ஏன் எங்கள் வீடுகளில் இருக்கவில்லை?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதன் விளைவு. எஞ்சினைப் பற்றித் தொடங்கியது, அதைத் திறக்க யாருக்கு உரிமை இருந்தது என்ற கதையாக முடிந்திருக்கிறது.

விரலில் தொடங்கிய வேலை

முதலில் வால்வு என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நான்கு வீச்சு எஞ்சினில், அதாவது ஃபோர் ஸ்ட்ரோக்கில், சிலிண்டருக்கு மேலே இரண்டு கதவுகள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும். மற்றது எரிந்த புகையை வெளியே விடும். கதவு என்றாலும் அதன் உருவம் குடை மிளகாய்ப் பூ மாதிரி இல்லை, காளான் மாதிரி. நீளமான தண்டு, முனையில் தட்டையான தலை. தலை போய் அமர்கிற வட்டத்துக்கு சீற் என்று பெயர். கேம் தள்ளும்போது வால்வு திறக்கிறது. அதை இழுத்து மூடுவது ஸ்பிரிங்.

எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 2,000 தடவை திறந்து மூடும். ஒரு நொடிக்கு 33 தடவைக்கு மேல். அந்த வேகத்தில் மூடுவதற்கு ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருந்தே ஆகவேண்டும். அந்த முரட்டு ஸ்பிரிங்கை வால்வின் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டு சின்ன அரைவளையங்கள். கராஜில் 'லொக்' என்பார்கள். நகத்தின் அளவுதான் இருக்கும். ஸ்பிரிங்கைச் சில மில்லிமீற்றர் அமுக்கினால்தான் லொக் கழலும். லொக் கழன்றால்தான் வால்வு வெளியே வரும். வால்வு வெளியே வந்தால்தான் சீற் தேய்ந்திருக்கிறதா, எரிந்திருக்கிறதா, எண்ணெய் தடுக்கும் சீல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆக, எஞ்சினின் நோயைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆரம்பத்தில் இந்த மல்லுக்கட்டு இருக்கவில்லை. 1876இல் ஜேர்மனியில் நிக்கொலவுஸ் ஒட்டோ செய்த நான்கு வீச்சு எஞ்சினில் கலவை உள்ளே வரும் வாசலுக்கு இப்போதைய வால்வு கிடையாது, நகரும் தகடு ஒன்றுதான் அதைத் திறந்து மூடியது. 1880களில் டைம்லரும் மேபாக்கும் செய்த வேகமான எஞ்சின்களில் கலவை உள்ளே வரும் வால்வைத் திறந்தது பிஸ்டனின் உறிஞ்சல்தான். உறிஞ்சலுக்கே திறக்கவேண்டும் என்பதால் அதன் ஸ்பிரிங் மிக மென்மை, விரலால் அமுக்கலாம். எஞ்சின் வேகம் கூடக் கூட அந்த முறை சரிவரவில்லை. இரண்டு வால்வையும் கேம் தள்ளத் தொடங்கியது, ஸ்பிரிங்குகள் பலத்தன, விரல் தோற்றது. அப்போதுதான் தனிக் கருவி தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து ஸ்பிரிங் கொம்பனியான ஹெர்பர்ட் டெரி போன்றவை வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவிகளையும் செய்து விற்றன. வளைத்து நிறுத்தக்கூடிய ஆங்கில்பாய்ஸ் மேசை விளக்கைச் செய்து பெயர் வாங்கியதும் இதே கொம்பனிதான்.

பூட்டிய எஞ்சின் அறை

நம்ம மலைக்கு எஞ்சின் வந்தது தேயிலையோடு. கோப்பியை இலைநோய் அழித்த பிறகு தேயிலை பரவியது. பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்தி எடுக்க ஃபெக்டரி வேண்டும், ஃபெக்டரிக்குச் சக்தி வேண்டும். லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன ஃபெக்டரியைக் கட்டினார். மூன்று வருஷம் கழித்து, 1893இல், ரயில் பாதை அப்புத்தளையை எட்டியது. பதுளைக்கு ரயில் போக 1924 வரை ஆனது. பொதுவாக மலைநாட்டு ஃபெக்டரிகளில் உருளைகளைச் சுழற்றியது முதலில் தண்ணீரும் நீராவியும். பிறகு எண்ணெய் எஞ்சின்கள். அதன்பிறகு மின்சாரம். கண்டி ஹந்தானையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தப் பழைய இயந்திரங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். ஆள் உயரத்துக்குச் சக்கரம்.

அந்த எஞ்சின்களுக்கும் வால்வு இருந்தது, ஸ்பிரிங் இருந்தது. அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எஞ்சின் அறை தோட்டத்துக்குள்ளே இன்னொரு தோட்டம். பெரிய துரை, டீமேக்கர், எஞ்சின் டிரைவர் என்று மேலிருந்து கீழே வரும் வரிசை. கருவிகள் ஸ்டோரில். ஸ்டோரின் சாவி வேறொருவர் இடுப்பில். வேலை தெரிந்தவர் காலையில் கையெழுத்துப் போட்டு ஸ்பெனர் எடுத்து, மாலையில் திருப்பிக் கொடுக்கவேண்டும். கை அவருடையது, கருவி தோட்டத்தினுடையது. லயத்து அறை, அறையைச் சுற்றியுள்ள மண், தலைக்கு மேலே தகரம் எதுவும் சொந்தமில்லை என்ற அதே வரிசையில்தான் இதுவும் வருகிறது.

2023இல் மலையகத் தமிழரின் 200 வருஷ வரலாற்றைப் பலரும் பேசினோம். பேசியபோது கண்முன் வந்ததெல்லாம் கொழுந்து பறிக்கும் கைதான். அது நியாயம், அந்தக் கைதான் நாட்டைத் தாங்கியது. ஆனால் கிறீஸ் பிடித்த கை ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பற்றி நாம் ஒருவரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

பைப்புத் துண்டும் சுத்தியலும்

வீதியில் நடந்தது வேறு கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இலங்கை வீதிகளை நிரப்பியவை மொரிஸ், ஒஸ்டின், பெட்ஃபோர்ட் போன்ற பிரித்தானிய வாகனங்கள். 1948இல் வந்த மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மொடலின் 918 சிசி எஞ்சினில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. 1952இலிருந்து வந்த 803 சிசி எஞ்சினில் வால்வுகள் மேலே, ஹெட்டுக்கு ஏறிவிட்டன. பக்கவாட்டு வால்வுக்கு நெம்புகோல் மாதிரி ஒரு கருவி வேண்டும். மேல் வால்வுக்கு ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த இடுக்கி வேண்டும். ஒரே பெயருள்ள காருக்கு இரண்டு விதக் கருவி. இரண்டும் இறக்குமதி.

இறக்குமதி என்ற சொல்லில்தான் சிக்கல். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் தொடங்கிய கட்டுப்பாடுகள் 1970க்குப் பிறகு இறுகின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய வாகனமும் உதிரிப்பாகமும் கருவியும் குதிரைக் கொம்பு. அந்தக் காலத்துக் கார்கள் இன்றைக்கும் சில ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் கார் செய்த கொம்பனி மட்டும் இல்லை. இல்லாத கருவியை உண்டாக்கிக்கொண்ட கராஜ் பாஸ்மாரும்தான்.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு மாமா இருக்கிறார், பழைய மெக்கானிக். நாங்கள் வாங்கிவந்த இடுக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது? பைப்புத் துண்டுதான் தம்பி" என்றார். தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அதன் பக்கத்தில் சின்ன ஜன்னல் ஒன்று அரிந்து, ஸ்பிரிங்கின் மேல் தொப்பியில் வைத்து ஒருவர் உடம்பின் பாரத்தைப் போட்டு அமுக்குவாராம். இன்னொருவர் அந்த ஜன்னல் வழியாக லொக்கை எடுப்பாராம். அமுக்குகிறவர் கை வழுக்கினால் எடுக்கிறவர் விரல் போச்சு. இன்னொரு வழி சுத்தியல். வால்வின் தலைக்குக் கீழே துணியையோ பலகையையோ முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங் தொப்பியில் ஒரு சொக்கெட்டை வைத்து ஒரே அடி. லொக் தெறித்து வெளியே வரும். எங்கே தெறிக்கும் என்பது அதிர்ஷ்டம். கண்ணிலும் தெறிக்கலாம்.

ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங்கை மாற்ற இன்னொரு தந்திரமும் உண்டு. ஸ்பார்க் பிளக் துளை வழியாக மெல்லிய கயிற்றைச் சிலிண்டருக்குள் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிற்றுப் பந்து வால்வைக் கீழே விழாமல் தாங்கும். உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வித்தைதான். நம்ம மாமா அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு சிங்கள பாஸிடம் கோலயாவாக நின்று, டீ வாங்கிக் கொடுத்து, உதிரிகளை மண்ணெண்ணெயில் கழுவி, பார்த்துப் பார்த்துப் படித்தது.

ஏன் கோலயாவாக நிற்க வேண்டியிருந்தது? முறையாகப் படிக்க இடமே இருக்கவில்லையா? இருந்தது. 1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. அதன் டிப்போக்களில் பட்டறைகள் இருந்தன. ஜேர்மன் உதவியோடு உருவான தொழில்நுட்பப் பயிற்சி நிலையம், எல்லோரும் ஜேர்மன் டெக் என்று சொல்வது, மெக்கானிக்குகளை உருவாக்கியது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கி இருந்தது. பிரஜை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை ஏது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் சுமார் 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தது. கப்பலேறிப் போனவர்களோடு கைவேலையும் போனது. எஞ்சியிருந்தவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003இல்தான். கணக்குப் பாருங்கள், 55 வருஷம். ஒரு மனிதன் வேலை பழகி, வேலை செய்து, ஓய்வு பெறும் காலம்.

இதனால்தான் நாங்கள் பைப்புத் துண்டுக் கதையைக் கேட்டு வெறுமனே வியக்கவில்லை. "நம்ம ஆளுங்க எதையும் சமாளிப்பாங்க" என்று பெருமைப்படுவது சுகமாக இருக்கும். ஆனால் சமாளிக்க வேண்டிய நிலையில் அவர்களை வைத்தது யார், அந்தச் சமாளிப்பில் எத்தனை விரலும் கண்ணும் போயின என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

இரண்டு விதிகள்

இனி ஆட்டோவுக்கு வருவோம். 1977க்குப் பிறகு வாகன இறக்குமதி பெருகியது. 1980களிலிருந்து இந்தியாவின் பஜாஜ் முச்சக்கர வண்டிகள் பரவத் தொடங்கின. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த காசும் லீசிங்கும் சேர்ந்து லயங்களுக்குப் பக்கத்தில் ஆட்டோக்களை நிறுத்தின. பல குடும்பங்களில், தலைமுறைகளுக்குப் பிறகு தங்கள் பெயரில் பதிவான முதல் பெரிய சொத்து அந்த மூன்று சக்கரம்தான்.

அந்த முதல் ஆட்டோக்கள் டூ ஸ்ட்ரோக். இங்கேதான் ஒரு சுவாரசியம். சாதாரண டூ ஸ்ட்ரோக் ஆட்டோ எஞ்சினில் நாம் மேலே சொன்ன காளான் வால்வே கிடையாது. சிலிண்டரின் சுவரில் ஜன்னல்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது தானே அவற்றைத் திறந்து மூடும். ஸ்பிரிங் இல்லை, லொக் இல்லை. பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றினால் ஓடும். பிஸ்டன், ரிங், பிளக் என்று வீட்டு வாசலிலேயே வேலை முடியும். அதனால்தான் அந்தத் தலைமுறை ஆட்டோக்காரர்கள் பலர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தார்கள். புகைதான் பிரச்சினை. எரியாத எண்ணெயும் பெற்றோலும் வெள்ளைப் புகையாக வெளியே வந்து ஊரின் மூச்சை அடைத்தது.

காற்றைச் சுத்தமாக்க அரசு எடுத்த இரண்டு முடிவுகள் வால்வை நம்ம வாசலுக்குக் கொண்டுவந்தன. முதலாவது, 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. அதை நிறுத்தியது சரியான காரியம். ஆனால் அதே ஈயம் பழைய எஞ்சின்களில் வால்வுக்கும் சீற்றுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தும் வந்தது. பழைய ஒஸ்டின், மொரிஸ் எஞ்சின்களின் சீற்றுகள் மென்மையான வார்ப்பிரும்பு. ஈயம் போனதும் அவை வேகமாகத் தேயும் ஆபத்து வந்தது. பழைய கார் வைத்திருந்தவர்கள் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீற் பொருத்தவேண்டியதாயிற்று.

இரண்டாவது முடிவுதான் எங்களைத் தொட்டது. 2008 தொடக்கத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு வந்த பெற்றோல் ஆட்டோக்கள் ஃபோர் ஸ்ட்ரோக். புகை குறைவு, பெற்றோலும் மிச்சம். ஆனால் ஹெட்டுக்குள் வால்வு, ஸ்பிரிங், லொக், சீல். நேற்று வரை வாசலில் உட்கார்ந்து எஞ்சினைப் பிரித்தவர், இன்று ஹெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்பிரிங்கைப் பார்த்து முழித்தார். வண்டி கராஜுக்குப் போகத் தொடங்கியது. சட்டத்தில் தவறில்லை. ஆனால் சட்டம் எஞ்சினை மாற்றியபோது, அந்த எஞ்சினைத் திறக்கும் கருவியையும் அறிவையும் தோட்டப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் இருக்கவில்லை.

வாரம் ஐந்து லீற்றர்

கருவி தேடத் தூண்டியது நெருக்கடி. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது பொதுவாகத் திரும்பவும் திறக்க 2025 ஆனது. இருக்கிற வண்டிக்கே உயிர் கொடுக்கவேண்டிய ஐந்து வருஷம். நடுவில் 2022. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இடைநிறுத்துவதாக நாடு அறிவித்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் ஐந்து லீற்றர்.

ஐந்து லீற்றரை வைத்துக்கொண்டு பெரகல ஏற்றத்தில் ஒரு வாரம் ஹயர் ஓடுவது என்றால் என்ன என்று ஓடினவர்களைக் கேளுங்கள். வால்வு சீற்றில் சரியாக அமராமல் கசிந்தால் சிலிண்டரில் அமுக்கம் நிற்காது. அமுக்கம் நிற்காவிட்டால் இழுவை இல்லை. இழுவை இல்லாவிட்டால் இன்னும் முறுக்கவேண்டும், இன்னும் பெற்றோல் குடிக்கும். வசதியான காலத்தில் தள்ளிப்போடக்கூடிய வேலை, அந்த வருஷத்தில் சோற்றுப் பிரச்சினை ஆகிவிட்டது. எங்கள் பக்கம் சில பேர் காசு சேர்த்துப் பொதுவில் ஒரு இடுக்கி வாங்கி, வீடு வீடாகக் கைமாற்றியதை அப்போதுதான் முதலில் பார்த்தோம். சாவி யார் இடுப்பிலும் இருக்கவில்லை.

வாசலில் நடந்த வேலை

இனி எங்கள் வேலை. செய்ய நினைக்கிறவர்களுக்காக ஒழுங்காகச் சொல்கிறோம்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹெட்டைக் கழற்றினோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தைப் படமாக வரைந்த அட்டையில் குத்திவைத்தோம். இடுக்கியின் ஒரு காலை வால்வின் தலையிலும் மற்றக் காலை ஸ்பிரிங் தொப்பியிலும் வைத்துத் திருகவேண்டும். மலிவு இடுக்கியின் குறை இங்கேதான் தெரிந்தது. அதன் கிண்ணம் பெரிய எஞ்சினுக்குச் செய்த அளவு, நம்ம ஆட்டோவின் சின்னத் தொப்பியில் ஒரு பக்கம் சரிந்தது. அரத்தால் விளிம்பை ராவிச் சரிசெய்தோம். திருகாணிக்கு கிறீஸ் பூசினோம். சட்டகம் கொஞ்சம் வளைந்து கொடுத்தது, அதனால் ஒரே மூச்சில் திருகவில்லை. தொப்பி லொக்கோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தால் இன்னும் இறுக்கக்கூடாது. தொப்பியில் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

"மொகத்த நேரா வைக்காத, பக்கத்துல இருந்து பாரு" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டோம். அப்படியும் முதல் லொக் துள்ளிப் போய்க் கான் ஓரத்துப் புல்லில் விழுந்தது. அரை மணிநேரம் தேடினோம். ஒரு காந்தத்தை நூலில் கட்டி இழுத்ததில்தான் அகப்பட்டது. அடுத்த வால்வுக்கு ஹெட்டை ஒரு பழைய பேசினுக்குள் வைத்தே கழற்றினோம்.

புகை வெளியேறும் வால்வின் விளிம்பு கருகி, சீற்றில் புள்ளி புள்ளியாகக் குழி. சீல்கள் இரண்டும் பிளாஸ்டிக் மாதிரிக் காய்ந்திருந்தன. நீலப் புகைக்குக் காரணம் அதுதான், எண்ணெய் தண்டு வழியாக வழிந்து எரிந்திருக்கிறது. சீலைப் புதிதாக வாங்கினோம். குழி ஆழமில்லை என்பதால் வால்வை அரைத்தே சரிசெய்ய முடிந்தது. சீற்றில் அரைக்கும் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டவேண்டும், மத்தால் தயிர் கடைகிற மாதிரி. நடுநடுவே தூக்கி இடம் மாற்றவேண்டும். விளிம்பைச் சுற்றி உடையாத சாம்பல் நிற வளையம் வந்தால் போதும். பிறகு பேஸ்ட் ஒரு துளிகூட இல்லாமல் கழுவவேண்டும். மிச்சமிருந்தால் அது எஞ்சினையே அரைத்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது லொக்கைப் பொருத்துவதுதான் பாடு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, தண்டின் பள்ளத்தில் இரண்டு அரைவளையத்தையும் உட்காரவைக்கவேண்டும். எங்கள் தடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நண்பனின் அம்மா, முப்பது வருஷம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், "கொடுங்கடா" என்று வாங்கினார். விரல் நுனியில் கொஞ்சம் கிறீஸ் தொட்டு, லொக்கை அதில் ஒட்டி, உள்ளே வைத்தார். இரண்டு தடவையில் முடிந்தது. "இவ்வளவுதானா வேல?" என்று கேட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார்.

ஹெட்டைக் கவிழ்த்து, வாசல் துளையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் பார்த்தோம். கசியவில்லை. புதுக் கேஸ்கட் போட்டு, வால்வு இடைவெளியைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு வைத்துப் பூட்டினோம். அடுத்த நாள் அண்ணன் அப்புத்தளைக்கு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார். தவணையும் கட்டினார்.

இடுக்கியால் ஆகாதது

இந்த இடத்தில் முடித்தால் மலிவுக் கருவிக்கு விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிடும். எங்கள் நோக்கம் அதுவல்ல.

வால்வின் தண்டு வளைந்திருந்தால், தண்டு ஓடும் குழாய் தேய்ந்து ஆடினால், ஹெட் வெடித்திருந்தால், சீற்றையே புதிதாக வெட்டவேண்டி இருந்தால், வாசலில் ஒன்றும் செய்ய முடியாது. லேத் வேண்டும், அளக்கும் கருவி வேண்டும், அனுபவமுள்ள கை வேண்டும். அந்தக் கைக்கு உரிய கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். கராஜ்காரர் சொன்ன தொகையில் அவருடைய இருபது வருஷப் படிப்பும் அடங்கியிருக்கிறது என்பது, லொக்கைப் புல்லில் தேடியபோது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனாலும் ஹெட்டைத் திறந்து பார்த்த பிறகு கராஜுக்குப் போவதற்கும் திறக்காமலே போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என்ன பழுது என்று தெரிந்து கேட்கிறவனாகப் போகிறோம். சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வருகிறவனாக அல்ல. நம்ம சமூகம் கூலிச் சீட்டிலும், கடன் பத்திரத்திலும், பிரஜாவுரிமைப் படிவத்திலும் வாசிக்கத் தெரியாத இடத்தில் கைநாட்டு வைத்து இழந்தது கொஞ்சமா? இயந்திரமும் அப்படி ஒரு பத்திரம்தான். அதைப் பிரித்து வாசிக்கத் தெரியவேண்டும்.

பெரகலயிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் வழியில் மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண் சரிந்து லயங்களை மூடிய இடம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணுக்குள் மக்கள் புதைந்துபோனார்கள். காணி உரிமைக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை. ஒரு இடுக்கியை வாங்கியதால் அது முடியப்போவதும் இல்லை. ஆனால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மிகக் குறைவாகவே விடப்பட்ட ஒரு சமூகத்தில், கையில் பிடித்த கருவியும் தலையில் ஏறிய வேலையும் யாராலும் திருப்பிக் கேட்க முடியாத சொத்து. அதையாவது எழுதி வைப்போம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறோம். வீட்டில் தாத்தாவோ மாமாவோ கராஜிலோ ஃபெக்டரியிலோ வேலை செய்தவராக இருந்தால், அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பைப்பில் ஜன்னல் அரிந்த துண்டு ஒன்று கிடந்தால் இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அது என்னவென்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைத் தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் இடுக்கி இப்போது மூன்றாவது லயத்தில் இருக்கிறது. தேவைப்பட்டால் அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கிறீஸ் பூசித் திருப்பித் தந்தால் சரி.